மாட்டு வைத்தியத்தில் மூலிகையும் ஊசிமருந்தும்

கொங்கு நாட்டுக் குடியானவருக்கு மாடு என்பது ஏர் இழுக்கும் பிராணி மாத்திரமன்று. மழை பொய்த்த வருஷத்திலும் கையில் ரொக்கம் கொடுப்பது அதுவே. காங்கயம், தாராபுரம் பக்கத்து மேட்டுப் பூமிகளில் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளரும் காங்கயம் மாடுகளாயினும், கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களில் கட்டி வளர்க்கும் கலப்பினக் கறவைப் பசுக்களாயினும், ஒன்று படுத்துவிட்டால் குடும்பத்தின் வாரப் பணம் நின்றுபோகிறது. மாடு வாங்கப் பட்ட கடனோ நிற்பதில்லை.

மாடு நோயுற்ற மாத்திரத்தில் கட்டுத்தரையில் இரண்டு கட்சிகள் எழுகின்றன. முன்னோர் கைவைத்தியமே போதும் என்பது ஒரு கட்சி. பச்சிலையெல்லாம் பழங்கதை, எதற்கும் ஊசியே வேண்டும் என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. நோய் இன்னதென்று அறியுமுன்னே மருந்து இன்னதென்று தீர்மானித்துவிடுவதே அப்பிழை. மூலிகைக்கும் ஊசிமருந்துக்கும் அவையவற்றிற்குரிய இடம் உண்டு; அந்த இடத்தை வகுப்பது நோய் நிதானமேயன்றி நம் விருப்பமன்று. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இரண்டு பசுக்கள்: ஓர் உதாரணம்

ஒரு குடியானவர் வீட்டில் இரண்டு கறவைப் பசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருநாள் மாலை முதற் பசுவைக் கறக்கும்போது, ஒரு காம்பிலிருந்து வந்த பாலில் சிறு திரிகள் இருப்பதை வீட்டு அம்மாள் கண்டுகொள்ளுகிறார். மடி சற்றே தடித்திருக்கிறது. ஆனால் பசு தீவனம் எடுக்கிறது, அசைபோடுகிறது, காய்ச்சலும் இல்லை. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து அன்றே பூசத் தொடங்குகிறார். ஐந்தாம் நாள் பால் தெளிந்துவிடுகிறது. வீட்டாருக்கு மூலிகையில் நம்பிக்கை பெருகுகிறது.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது பசு கன்று ஈனுகிறது. ஈன்ற மறுநாள் இரவு அது எழுந்து நிற்க மாட்டாமல் படுத்து, தலையை விலாப்பக்கம் மடக்கிக்கொள்ளுகிறது, காதுகள் குளிர்ந்திருக்கின்றன. முந்திய வெற்றியை நினைத்து, இஞ்சியும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்து, மூங்கிற் குழாயால் தொண்டையில் ஊற்றுகிறார்கள். வைத்தியரை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விடிவதற்குள் பசு இறந்துவிடுகிறது.

அப்பசுவுக்கு வந்தது பால்சுரம். பெயரில் சுரம் இருப்பினும் அதில் உடம்பு குளிர்ந்தே இருக்கும். சீம்பால் சுரக்கையில் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்து, தசைகளும் விழுங்கும் சக்தியும் தளர்ந்துபோவதே அந்நோய். கால்சியம் மருந்தை வைத்தியர் இரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். விழுங்க மாட்டாத பசுவின் வாயில் ஊற்றிய கஷாயமோ வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும்.

முதற் பசு பிழைத்ததற்கும் இரண்டாவது பசு இறந்ததற்கும் காரணம் மூலிகையின் நன்மை தீமையன்று. முதலாவது நோயில் காத்திருக்க நேரம் இருந்தது, இரண்டாவதில் இல்லை. அந்த வித்தியாசத்தை அறிந்திருந்தால் அவ்வீட்டில் இரண்டு பசுக்களும் இன்று நின்றுகொண்டிருக்கும்.

2. பழைய அறிவும் புதிய அறிவும்

நம் நாட்டில் மாட்டு வாகடம் என்ற பெயரால் கால்நடை வைத்திய நூல்கள் ஏட்டுச் சுவடிகளாக வழங்கி வந்தன. கிராமந்தோறும் மாட்டுக்குப் பண்டுவம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். புண், மடிக்கோளாறு, செரியாமை, உண்ணி ஆகியவற்றில் அவர்களுடைய அனுபவம் பெரும் பயன் தந்தது.

ஆனால் வெக்கை நோய் வந்தபோது அவ்வனுபவம் கைகொடுக்கவில்லை. ஊர் ஊராகப் பரவி மந்தைகளையே அழித்த அந்நோயைப்பற்றி விசாரித்த கமிஷனின் அறிக்கை 1871-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1889-இல் புனாவில் ஏற்பட்ட நுண்கிருமி ஆராய்ச்சிச்சாலை 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. 1903-இல் சென்னையில் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. முக்தேசுவரத்தில் 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை நோய்க் கிருமியை வெள்ளாடுகளில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்து, அதனையே தடுப்பு மருந்தாக்க வழி கண்டார். 1954-இல் தேசம் முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல்; உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும், நோய் கண்டவுடன் அறிவிக்கும் வழக்கமும் சேர்ந்து செய்த காரியம் அது.

இதைக்கொண்டு பழைய அறிவெல்லாம் வீண் என்று முடிவு கட்டலாகாது. 1989-இல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, தஞ்சாவூர் ஜில்லாவில் பணிபுரிந்து, கிராம வழக்கிலிருந்த மூலிகை முறைகளைத் திரட்டி, அளவும் வேளையும் வகுத்துப் பரப்பினார். இம்முறைகளைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் பால் உற்பத்தியாளரிடையே பரப்பி வருகிறது. கால்நடை வைத்தியம் கற்றவர்களே மூலிகையைக் கையில் எடுத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு அவசியமும் நேர்ந்திருக்கிறது. கிருமிக்கொல்லி மருந்துகளை அற்ப காரணத்துக்கும் போட்டு வந்தால், கிருமிகள் அவற்றுக்குப் பழகிவிடுகின்றன. பின்னர் உயிர் போகும் வேளையில் அம்மருந்து பலிப்பதில்லை. ஊசி போட்ட மாட்டின் பாலிலும் மருந்து கலந்து, அதனைக் குடிக்கும் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது. இந்தியாவில் அவ்வினத்தில் மூன்று வகைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்த பிறகு, 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து விலக்கப்பட்டது. சத்தியமங்கலம் மலைக்கு அப்பால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய கழுகுகள் இன்றும் காணப்படுகின்றன. ஆகவே, புதிய மருந்தையும் அளவறிந்தே கையாள வேண்டும்.

3. முதலில் பார்க்க வேண்டியவை

மருந்தைத் தேடுமுன் மாட்டைச் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். தீவனம் எடுக்கிறதா, அசைபோடுகிறதா, எழுந்து நடக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, சாணமும் மூத்திரமும் வழக்கம்போல் போகின்றனவா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் சுகமான பசுவுக்கு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். அசைபோடுதல் நிற்காமலும், காய்ச்சல் இல்லாமலும், மாடு நின்றுகொண்டும் இருந்தால், கைவைத்தியம் செய்து ஓரிரு நாள் பார்க்க இடமுண்டு. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றே வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

4. மடிவீக்கம்

காலையில் முதற் பீச்சலைக் கறுப்புத் துணியின்மேல் விட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். திரியோ நீர்மையோ இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆரம்ப நிலையில் செய்ய வேண்டியது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். பாலை முழுவதும் கறந்துவிட்டு, மடியைக் கழுவ வேண்டும். விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து, ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி நீரில் கரைத்து, மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறையாக ஐந்து நாள் பூசவேண்டும். ஒவ்வொரு நாளும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே நாளுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் வீதம் மூன்று நாள் தின்னக் கொடுப்பதும் இம்முறையைச் சேர்ந்தது. பத்து முறை என்பதைக் கேட்டுச் சிலர் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டு, மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். அடிக்கடி கழுவுவதும் கறப்பதும் கிருமியை வெளியேற்றுவதால் அவையும் இச்சிகிச்சையின் பாகமே.

மடி கல்லைப்போல் இறுகிச் சுட்டாலும், பாலுக்குப் பதில் நீரோ சீழோ வந்தாலும், காம்பு குளிர்ந்து நீலம் பாய்ந்தாலும், பசு தீவனத்தை விட்டாலும் அது மூலிகையோடு நிற்கும் நோயன்று. வைத்தியர் கிருமிக்கொல்லி மருந்து போட்டால், அவர் சொன்ன நாள் முழுவதும் போட்டு முடிக்க வேண்டும். மாடு தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்துவது கிருமியைப் பழக்கிவிடும் வழியாகும். கடைசி மருந்துக்குப் பின் எத்தனை நாள் பாலை விலக்கி வைக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு, அதுவரையில் அப்பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாகாது.

கறந்தவுடன் பசு படுத்துக்கொள்ளாதபடி சிறிது தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்கச் செய்தால், காம்பின் துவாரம் மூடிக்கொள்ளும். தரையிலுள்ள கிருமி உட்புகாது. இதற்குக் காசு ஏதும் செலவில்லை.

5. கோமாரி

கோமாரியில் மூலிகையும் தடுப்பூசியும் எவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாகும் என்பது நன்கு விளங்கும். இந்நோயைக் கொல்லும் மருந்து இரண்டு வைத்தியத்திலும் இல்லை. வளர்ந்த மாடு பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தானே தேறும். ஆனால் பால் வற்றும், உழைப்புக் குறையும். இளங்கன்றுகளோ இருதயம் தாக்கப்பட்டுத் திடீரென்று மடியும். ஆகையால் வருமுன் காப்பதே வழி. தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019-இல் தொடங்கப்பெற்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் ஏற்பாடு நடைபெற்று வருகிறது. கன்றுக்கு நான்கு மாதம் ஆனதும் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியால் பால் குறையும் என்று மாட்டை ஒளித்துவைப்பது, இரண்டு நாட் பாலுக்காக இரண்டு மாதப் பாலை இழப்பதாகும்.

நோய் வந்துவிட்டால் புண்ணை ஆற்ற மூலிகை மிகவும் பயன்படும். வாய்ப்புண்ணுக்கு: சீரகம், வெந்தயம், மிளகு வகைக்குப் பத்துக் கிராம் எடுத்து அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, மஞ்சள் தூள் பத்துக் கிராம், பூண்டு நான்கு பல், வெல்லம் 120 கிராம் கூட்டி அரைத்து, ஒரு தேங்காயின் துருவலைச் சேர்த்துப் பிசைந்து, நாளுக்கு மூன்று முறை நாக்கிலும் மேலண்ணத்திலும் தடவ வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் வரை செய்யலாம். கால்புண்ணுக்கு: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகள் வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள் தூள் இருபது கிராம் அரைத்து, அரை லிட்டர் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்து, புண்ணைக் கழுவித் துடைத்தபின் பூச வேண்டும். புழு வைத்திருந்தால் முதலில் சீத்தா இலையை அரைத்து வைத்து, புழுவை நீக்கிக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. வாயில் நுரை தள்ளும் மாடெல்லாம் கோமாரி மாடன்று. வெறிநாய் கடித்த மாடும் நுரை தள்ளும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் காணாமல், மாடு விழுங்க மாட்டாமலும், ஓயாது கத்திக்கொண்டும், முட்ட வந்துகொண்டும் இருந்தால், அதன் வாயில் கைவிடவே கூடாது. வைத்தியரை அழைக்க வேண்டும். எச்சில் பட்டவர்கள் அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கண்ணபுரம், அந்தியூர் முதலிய திருவிழாச் சந்தைகளில் வாங்கிவந்த மாட்டை நேரே மந்தையில் சேர்க்காமல், மூன்று வாரம் தனியே கட்டிவைத்துத் தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுவது நல்லது. சந்தையில் சுகமாய் நின்ற மாடு வழியிலேயே நோயை வாங்கி வந்திருக்கலாம்.

6. உண்ணியும் உண்ணிக்காய்ச்சலும்

வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து, நீரில் கரைத்து வடிகட்டி, மாட்டின் மேலும் கட்டுத்தரையின் சந்துபொந்துகளிலும் தெளித்தால் உண்ணி குறையும். ஒருமுறை தெளித்துவிட்டு இருந்துவிடலாகாது; முட்டைகள் சுவரிடுக்கில் தங்கிப் பின்னர் பொரிக்குமாதலால் வாரந்தோறும் தெளித்து வர வேண்டும்.

உண்ணி கடித்த கலப்பினப் பசுவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, கழுத்துப்புறத்து நெறி கட்டினாலும், மூத்திரம் செந்நிறமாகப் போனாலும், கிருமி இரத்தத்துக்குள் புகுந்துவிட்டதென்று அறியலாம். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, அந்தந்தக் கிருமிக்குரிய ஊசியைப் போடவேண்டும். உண்ணியை ஓட்டுவது மூலிகையின் வேலை. உண்ணிக்காய்ச்சலைத் தீர்ப்பது வைத்தியரின் வேலை.

7. ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாதவை

ஈன்ற பசு எழமாட்டாமல் படுத்தல். கன்று பாதி வெளிவந்து நின்றுபோதல். இடது வயிறு தம்பட்டம்போல் உப்பி மூச்சுத் திணறல். தொண்டை வீங்கிக் குறட்டை விடுதல். தொடைச் சப்பை வீங்கி அழுத்தினால் நறநறத்தல். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்து தள்ளாடி விழுதல்: இவை யாவும் மணிக்கணக்கில் உயிரைக் கொள்ளும். வாடிய இளஞ்சோளத்தில் உண்டாகும் நஞ்சுக்கு மாற்று மருந்து வைத்தியரிடம் உண்டு. அதனை உடனே இரத்தக் குழாயில் செலுத்தினால்தான் பலன்.

சுகமாயிருந்த மாடு திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அதனை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. அந்நோய் மனிதரையும் கொல்லும். இலாகாவுக்கு அறிவித்து, அவர்கள் சொன்னபடி ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.

1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியின் உதவியைப் பெறலாம். இவ்வெண்ணைக் கட்டுத்தரைச் சுவரில் கரியால் எழுதிவைப்பது நன்று.

8. மருந்து கொடுக்கும் முறை

மூலிகையை வாயில் ஊற்றுவதைவிட, வெல்லத்துடன் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, நாக்கில் தடவிக் கொடுப்பதே க்ஷேமம். தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை வெளியே இழுத்துக்கொண்டு ஊற்றினால் மருந்து புரைக்கேறும். படுத்த மாட்டுக்கும், விழுங்க மாட்டாத மாட்டுக்கும் வாய்வழியே எதையும் கொடுக்கலாகாது.

இயற்கையில் விளைவதெல்லாம் தீங்கற்றதென்று எண்ணுவதும் தவறு. அரளியும் ஊமத்தையும் இயற்கையில் விளைபவையே. செடியை நன்கறிந்தவரைக்கொண்டே பறிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்து இலைகளை எடுக்கலாகாது. நோய்க்கென்று பழுக்கக் காய்ச்சிச் சூடு போடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அது நோயின்மேல் புண்ணையும் சேர்க்கிறது. வைத்தியர் வந்தால், முன்னர்க் கொடுத்த கைவைத்தியம் இன்னதென்று கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். அவர் அதனைக் கண்டிப்பாரோ என்று மறைத்தால் மாட்டுக்கே கேடு.

9. கணக்குப் புத்தகம்

சில நோய்கள் மருந்தில்லாமலே தீரும். அவ்வேளையில் எதைக் கொடுத்திருந்தாலும் அதுவே தீர்த்ததாக நமக்குத் தோன்றும். இந்த மயக்கம் நீங்க, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நோய் கண்ட நாள், குறிகள், கொடுத்த மருந்து, பால் அளவு, தேறிய நாள், தடுப்பூசி போட்ட நாள் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். பலித்ததைப்போலவே பலிக்காததையும் எழுத வேண்டும். ஊரில் பத்து வீட்டார் இவ்வாறு எழுதினால், எந்த மூலிகை எந்த நிலையில் உதவுகிறதென்பது வாய்ச்சொல்லாக இராமல் அனுபவப் பாடமாக அமையும். வைத்தியருக்கும் அது துணை செய்யும்.

பாடச் சுருக்கம்

நோயை அறிந்த பின்னரே மருந்து. தொத்து வியாதிக்குத் தடுப்பூசி. புண், உண்ணி, ஆரம்ப மடிவீக்கம் ஆகியவற்றுக்கு மூலிகை. படுத்த மாட்டுக்கும், அசைநின்ற மாட்டுக்கும், காய்ச்சல் கண்ட மாட்டுக்கும் வைத்தியர். வைத்தியர் வந்த பின்னும் அவர் சம்மதத்துடன் மூலிகையைத் துணையாகத் தொடரலாம். வைத்தியரை அழைக்காமலிருக்க மூலிகையை ஒரு சாக்காகக் கொள்ளலாகாது.

வினாக்கள்

1. உதாரணத்தில் கண்ட இரண்டு பசுக்களின் நோய்க்கும் உள்ள வித்தியாசம் யாது? இரண்டாவது பசுவைக் காப்பாற்ற எந்நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
2. உங்கள் வீட்டுப் பசுவின் சுகமான நிலையில் வெப்பம் எவ்வளவு? ஒரு வாரம் அளந்து எழுதிவருக.
3. மடிவீக்கத்தில் மூலிகையோடு நிற்கலாகாத குறிகளைக் கூறுக.
4. கோமாரிக்குத் தடுப்பூசியும் வேண்டும், மூலிகையும் உதவும் என்பது எங்ஙனம்?
5. ஊசி போட்ட பசுவின் பாலைச் சில நாள் விலக்குவது யாருடைய நன்மைக்காக?
6. உங்கள் ஊரில் வழங்கும் மாட்டுக் கைவைத்தியங்களில் மூன்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி, அவற்றை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்து வைத்தியரிடம் காட்டி, கொள்ளத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்று கேட்டறிக.